மாமாவைக் கட்டியிருக்கலாம்

என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த பயாஸ்கோப்பைப் பற்றி நான் ஒரே ஒரு அபிப்பிராயம்தான் சொன்னேன். அதற்காக ஒன்பது நாள் என்னோடு பேச ஆளில்லாமல் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். யாராவது "படம் எப்படி?" என்று கேட்டால், கேட்கிறவர் எந்த ஊர்க்காரர், அவர்கள் வீட்டில் யாரை யாருக்குக் கட்டிக் கொடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. கல்கத்தாவுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பவானிப்பூரில் ஒரு மூன்று மாடி வீட்டின் இரண்டாவது மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. என் கணவருக்கு ரயில் ஆபீசில் உத்தியோகம். சாந்த்ராகாச்சி யார்டில் எந்தச் சரக்கு வேகன் எந்தத் தடத்தில் நிற்கிறது என்று எழுதி வைக்கிற வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வருவார். அவர் எனக்குப் புதியவர் இல்லை. என் அம்மாவின் கடைசித் தம்பி. பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவரைக் கல்யாணம் ஆனதும் வேறு எப்படிக் கூப்பிடுவது? மாடிப்படியில் நின்றுகொண்டு, "மாமா, குடையை விட்டுட்டுப் போறீங்க!" என்று நான் கத்துவது தெருமுனைவரை கேட்கும்.

அதே மாடியின் பக்கத்துப் பகுதியில் ஒரு வங்காளக் குடும்பம். அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குழந்தை இல்லை. எல்லோரும் அவளைத் தீதி என்றார்கள், அக்கா என்று அர்த்தம். எனக்கு முதலில் நாக்கு கூசியது. நம் ஊரில் திதி என்றால் செத்தவர்களுக்குக் கொடுப்பது. உயிரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவளை எப்படி அப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு வாரம் 'ஏங்க' என்றே ஓட்டினேன். பிறகு பழகிவிட்டது. அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. எனக்கு வங்காளம் காய்கறிக்காரனிடம் கற்ற அளவுக்குத்தான். மத்தியானம் மொட்டை மாடியில் அவள் உளுந்து போரி, அவர்கள் ஊர் வடகம், காய வைப்பாள், நான் பக்கத்திலேயே கூழ் வடாம் பிழிவேன். இரண்டையும் காக்கைதான் தின்னும். காக்கையைத் திட்டித் திட்டியே எங்கள் பேச்சு வளர்ந்தது.

அவள் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. "கூப்பிடறியே மாமான்னு, நிஜமாவே மாமாவா?" என்று ஒரு நாள் கேட்டாள். "ஆமா, அம்மாவோட தம்பி" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா எங்கே என்றாள். போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அப்பா? அவர் அதற்கும் முன்னாலேயே. அவள் என் கன்னத்தைத் தொட்டு 'உச்சு' கொட்டினாள். அடுத்து, "தோமார் ஷாமி கோதாய்?" என்றாள்.

உன் சாமி எங்கே என்று கேட்கிறாள். புண்ணியவதி, நம் ஊர்க் கோயிலைப் பற்றிக்கூட விசாரிக்கிறாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தெரிந்த வங்காளத்தை எல்லாம் கொட்டினேன். சாமி ஊரில் இருக்கிறார். நல்ல கறுப்பு. பெரிய உருவம். எப்போதும் படுத்தே இருப்பார், எழுந்திருக்க மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியில் வெளியே வருவார். தேருக்கு எனக்கு வங்காளம் தெரியாததால் வண்டி என்றேன். இரண்டு பெண்டாட்டி.

"ரெண்டா?"

"ரெண்டு" என்று விரலைக் காட்டினேன். "ரெண்டு பேரும் காலடியிலேயே உக்காந்திருப்பாங்க."

தீதியின் கண் கலங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் காட்டிய பிரியத்துக்கு அளவில்லை. பாயேஷ், அவர்கள் ஊர்ப் பால் பாயசம், செய்தால் ஒரு கிண்ணம் எனக்கு வரும். தலை வாரிவிடுவாள். வகிட்டைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வாள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணமானவள் வகிட்டில் சிந்தூரம் வைத்துக் கையில் சங்கு வளை போட வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. என் தாலி சேலைக்குள் கிடந்தது. என் கால் மெட்டிக்கு அங்கே ஒரு மரியாதையும் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு நாள் தெருவில் பயாஸ்கோப் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனார்கள். வங்காளத்திலேயே ஊமைப் படங்கள் எடுக்கத் தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தீதி நோட்டீசை ஒரு தடவை படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள். "இதுக்கு நீ வரணும். உனக்காகவே எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். கீழ் மாடியில் அலிப்பூர் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் மனைவியும் வருவதாகச் சொன்னாள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் என்பதால் என் கணவரும் கிளம்பினார். ஆண்களுக்குக் கீழே இடம். பெண்களுக்கு மாடியில், மூங்கில் தட்டிக்குப் பின்னால்.

படத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, கதை மறக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண் ஒருத்தி, கையில் ஒரு மூட்டையோடு மாட்டு வண்டியில் வந்து இறங்குகிறாள். மாமா வீடு. அவர் வாலிபர், கல்யாணம் ஆகாதவர், கையில் எப்போதும் ஒரு குடை. பெண்ணை அருமையாக வளர்க்கிறார். ஊர் ஜமீன்தார், கிழவன், அவளைக் கேட்கிறான். மாமா முடியாது என்று விரட்டுகிறார். பிறகு ரயிலேறிக் கல்கத்தாவுக்கு வந்து அலைகிறார். இடையிடையே திரையில் எழுத்து வரும். தீதி அதை என் காதோரம் படிப்பாள். எனக்கு நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் விளங்கும். மாமா என்ற வார்த்தை மட்டும் பளிச்சென்று விளங்கியது. போதாதா? மாமா வருகிறார், அந்தப் பெண் ஓடிப் போய்க் குடையை வாங்கி வைக்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள். முடிச்சு எங்கே விழப்போகிறது என்று எனக்கு முதல் ரீலிலேயே தெரிந்துவிட்டது.

கடைசியில் பார்த்தால், டாக்டருக்குப் படிக்கிற ஒரு சோடாபுட்டிக் கண்ணாடிக்காரனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துப் படகில் ஏற்றி அனுப்புகிறார். கரையில் நின்று குடையை ஆட்டிச் சிரிக்கிறார். படம் முடிந்தது. எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டியைப் பிய்த்திருப்பேன். பக்கத்தில் தீதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கும் என் கோபம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் தம் அபிப்பிராயத்தைச் சொன்னார். "எல்லாம் பொய். கிளம்பறப்ப ஒரு என்ஜின், ஹவுராவுல வந்து நிக்கறப்ப வேற என்ஜின். புகைபோக்கியைப் பாத்தாலே தெரியுது. நடுவுல யாரு மாத்தினா?" படத்தில் ஒரு பெண் இருந்ததை அவர் கவனித்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடியில் மூவரும் உட்கார்ந்தோம். அன்றைக்கு எனக்கு இன்னொரு விஷயமும் சொல்ல இருந்தது. மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய் வீடு இல்லை. ஊரில் முகம் தெரியாத ஒரு பெரியம்மா வீட்டில் கொண்டு விடுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் இஷ்டமே இல்லை. பயமாக இருந்தது. தீதி பக்கத்தில் இருந்தால் இங்கேயே பெற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. படப் பேச்சு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

முதலில் வக்கீல் மனைவி ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணாக நடித்தவளுக்குப் பூனைக் கண், வங்காளப் பெண்ணே இல்லை, சேலையை யாரோ மூட்டை கட்டுவது போலக் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஏழை மாமா வீட்டில் நின்ற அதே கண்ணாடி அலமாரி ஜமீன்தார் வீட்டிலும் நிற்கிறது. அதே விரிசலோடு. அவளுக்குக் கண் அப்படி. எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரியைத்தான் பார்ப்பாள்.

தீதி மெதுவாகச் சொன்னாள். "எல்லாம் இருக்கட்டும். கடைசியில அந்த மாமா சிரிச்சானே, அதுதான் நிஜம். பாரம் இறங்கினவன் சிரிப்பு. அடுத்தவங்க பெத்ததை வளர்த்தவன் வேற எப்படிச் சிரிப்பான்?"

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வடாம் மாவைக் கீழே வைத்துவிட்டு, காய்கறிக்கார வங்காளத்தில் அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன்.

"அந்த மாமா அவ்வளவு நல்லவர். வயசும் பொருத்தம். அவரையே கட்டியிருக்கலாம். எதுக்கு அந்தக் கண்ணாடிக்காரன்?"

வக்கீல் மனைவி "சீ! சீ!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். தீதிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னது புரியவில்லையோ என்று, புரிய வைக்கிற ஆர்வத்தில் இன்னும் ஒரு படி மேலே போனேன். "ஏன்? நானும் மாமாவும் இல்லையா? நல்லாத்தானே இருக்கோம்?"

காக்கை வந்து போரியைக் கொத்தியது, தீதி விரட்டவில்லை. பிறகு தீதி என்னை நேராகப் பார்த்தாள்.

"இது உன் ஷாமிக்குத் தெரியுமா?"

"சாமிக்குத் தெரியாதது உண்டா?" என்று சிரித்தேன். "அவர் முன்னாலதானே தாலி கட்டினாங்க. அவர் பாத்துக்கிட்டுத்தான் இருந்தார்."

"படுத்துக்கிட்டே?"

"படுத்துக்கிட்டேதான்."

தீதி எழுந்தாள். போரித் தட்டை எடுத்துக்கொண்டாள். வக்கீல் மனைவி அவளுக்கு முன்னாலேயே படியில் பாதி இறங்கிவிட்டாள். நான் கையில் ஒட்டிய மாவோடு, சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் தீதி மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய துணிக் கொடி மாடியின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். நான் ஒரு கிண்ணத்தில் வடாம் பொரித்து வாசற்படியில் வைத்தேன். சாயங்காலம் அது அப்படியே நமுத்துப்போய் என் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. காலையில் வாந்தி எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். ஒரு தடவை அழுதேன். ஒரு தடவை, ஒரு பயாஸ்கோப்புக்காக இவ்வளவா, போகட்டும் போ என்று வாய்விட்டுத் திட்டினேன். இரண்டும் ஒரே காலையில்.

பத்தாம் நாள் காபி கொடுக்கும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வங்காளம் நன்றாகத் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொன்னார். நான் ஷாமி என்ற வார்த்தைக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஷாமின்னா இங்க என்ன அர்த்தம்னு நினைச்சே?"

"என்ன அர்த்தம்? சாமிதான். சரியா சொல்ல வரலை அவங்களுக்கு."

"புருஷன்."

நான் தீதியிடம் சொன்னதை எல்லாம் மனசுக்குள் திருப்பிப் பார்த்தேன். என் புருஷன் கறுப்பு. எப்போதும் படுத்திருப்பான். இரண்டு பெண்டாட்டி வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியில் ஊர் சுற்றுவான். நான் அவனை ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்து என் மாமாவோடு... அவன் அதைப் படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. "ரெண்டு பேரும் காலடியிலேயே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. சட்டென்று அவருக்கே சிரிப்பு நின்றது. "அதான் வக்கீல் நாலு நாளா என்னைப் பாத்தா செருமிட்டுப் போறாரா?" என்றார். பிறகு, "விடு, வேற வீடு பாத்துக்கலாம்" என்றார். ஆண்களுக்கு அது சுலபம்.

அவர் ஆபீசுக்குப் போனதும் சமையலறையில் மாட்டியிருந்த பெருமாள் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். பாம்பின் மேல் படுத்திருக்கிற பெரிய படம், மரச் சட்டம், நல்ல கனம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தீதியின் கதவைத் தட்டினேன். திறந்தாள். மூடுவதற்குள் படத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டேன்.

"இதோ பாருங்க தீதி. கறுப்பு. படுத்திருக்கார். ரெண்டு பெண்டாட்டி, காலடியில. இவர்தான் எங்க ஊர்ல சாமி. நீங்க கேட்ட ஷாமி ஆபீசுக்குப் போயிருக்கார். எனக்கு ஒரே ஒரு ஷாமி. அவர்தான் மாமா." சேலைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் காட்டினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பெருமாளைக் கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். ஆனால் சிரிப்பு ஓய்ந்த பிறகும் வழியை விட்டு நகரவில்லை.

"ஆனாலும் மாமாதானே" என்றாள்.

"எங்க பக்கத்துல மாமாவுக்குத்தான் முதல் உரிமை" என்றேன்.

அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு ஐந்து வயதில் தாய் தகப்பன் போய்விட்டார்களாம். சாந்த்ராகாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமா வீட்டில்தான் வளர்ந்தாள். தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்க வைத்தவர் அவர். அவர்தான் வரன் பார்த்து, கட்டிக் கொடுத்து, படகில் ஏற்றிவிட்டார். கரையில் நின்று சிரித்தார்.

"நீ அன்னிக்குச் சொன்னது யாரைன்னு உனக்குத் தெரியாது. எனக்கு என் மாமாவைச் சொன்ன மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் கூசிப்போச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மாமா அவளுக்கு அப்பாவாகத் தெரிந்தார், எனக்கு மாப்பிள்ளையாகத் தெரிந்தார். ஒரே படத்தைத்தான் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பார்த்தோம். மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கல்யாணத்துக்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? வாயில் வந்தது வேறு.

"தீதி, எனக்கு மூணு மாசம். பயமா இருக்கு."

அவள் முதலில் செய்தது, என் கையிலிருந்து பெருமாளைப் பிடுங்கியதுதான். "மூணு மாசத்துல இவ்வளவு கனத்தையா தூக்கிட்டு வருவே? அறிவு இருக்கா?" என்று திட்டினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு காதில் விழுந்த திட்டு. அப்படி இனித்தது.

பெண் குழந்தை பிறந்தது. பெரியம்மா வீட்டுக்கு நான் போகவில்லை. மருத்துவச்சியை அழைத்து வந்ததிலிருந்து கஞ்சி வைத்துக் கொடுத்ததுவரை எல்லாம் தீதிதான். மாமாவைக் கட்டிக்கொண்ட விஷயத்தில் மட்டும் கடைசிவரை அவள் சமாதானம் ஆகவில்லை. என் கணவர் வந்தால் 'மாமா வந்தாச்சு' என்று நான் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பாள். நானும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏழாம் மாதம் குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட வேண்டும் என்றாள். அவர்கள் வழக்கத்தில் அதைத் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். நம் ஊரில் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்படியானால் தாய்க்கு மாமா முறை ஆகிறவர் ஊட்டினாலும் போதுமாம். "உங்க வீட்டுல மாமாவுக்குப் பஞ்சமா என்ன?" என்று என் கணவரைப் பார்த்துக் கேலி செய்துவிட்டு, "நான் என் மாமாவுக்கு எழுதறேன். உனக்கு நான் அக்கான்னா, அவர் உனக்கும் மாமாதான். நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மாமா" என்றாள். யாரைப் பற்றி நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேனோ அவரையே கூப்பிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். எழுபது வயது, ஒடிசலான உடம்பு, கையில் குடை. படத்தில் வந்த மாதிரியே. மாடியில் ஜமக்காளம் விரித்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாயேஷில் விரலைத் தோய்த்து உதட்டில் வைத்தார். குழந்தை சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தோம். வக்கீல் மனைவிகூட வந்திருந்தாள். அவள் பேச்சை வளர்ப்பதற்காக, பெரியவர் பயாஸ்கோப் பார்ப்பதுண்டா என்று கேட்டு வைத்தாள்.

ஒன்று பார்த்தேன் என்றார். எங்கள் படம்தான். அவர்கள் ஊர்ப் பக்கம் கூடாரம் போட்டுக் காட்டினார்களாம். நானும் தீதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "எப்படி இருந்தது?" என்று வக்கீல் மனைவி விடாமல் கேட்டாள்.

"எல்லாம் சரியா எடுத்திருக்கான். கடைசிதான் தப்பு" என்றார் அவர், குழந்தைக்கு இன்னொரு வாய் கொடுத்துக்கொண்டே. "பொண்ணு படகில போறா, அவன் கரையில நின்னு சிரிக்கறான். அவ்வளவுதான், முடிச்சுட்டான். அவ பாக்கறவரைக்கும் சிரிக்கத்தானே செய்வான்? படகு மறைஞ்சதுக்கு அப்புறம் படம் எடுத்தவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்க நின்னிருக்கணும்."

தீதி பாயேஷ் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில், தோளில் தலை படும்படி உட்கார்ந்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. குழந்தை அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டே இருந்தது.